ஓட்டை ஒத்தால் மட்டும் போதாது

வேறு காரிலிருந்து கழற்றிய வீலை வாங்குபவர் பெரும்பாலும் ஓட்டைகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார். நான்கு ஓட்டை, நான்கு ஸ்டட், ஆகவே மாட்டிவிடலாம் என்று முடிவாகிவிடுகிறது. சென்னை புதுப்பேட்டையிலோ திருச்சியின் பழைய பாகக் கடைகளிலோ நல்ல விலைக்குக் கிடைக்கும் அலாய் வீல்கள் இப்படித்தான் ஊர் வந்து சேர்கின்றன. அவற்றில் சில அப்படியே பொருந்தும். சில பொருந்துவதுபோல் தோன்றி, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்டியரிங்கை உதறச் செய்யும். திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவிலுள்ள பாடாலூர்க்காரர் எந்தப் பக்கம் போனாலும் ஏறுவது நான்கு வழி நெடுஞ்சாலையில்தான். தெருவில் தெரியாத குறை அங்கே தெரிந்துவிடும்.

முதலில் அளக்க வேண்டியது பி.சி.டி. எனப்படும் ஓட்டை வட்டத்தின் விட்டம். ஸ்டட்களின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் குறுக்களவு எவ்வளவோ அதுவே பி.சி.டி. மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டியின் பல மாடல்கள், டொயோட்டா எடியோஸ் ஆகியவற்றில் இது 4 × 100. அதாவது நான்கு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். ஃபோர்டு ஃபிகோவில் 4 × 108. ஃபியட் புன்ட்டோவில் 4 × 98. இன்னோவா, கிரெட்டா, டஸ்டர் மூன்றிலும் 5 × 114.3. போலோவில் 5 × 100. ஃபார்ச்சூனரில் 6 × 139.7. தசமப் புள்ளியோடு வரும் 114.3, 139.7 ஆகியவை அங்குலக் கணக்கின் மிச்சம். முறையே நாலரை, ஐந்தரை அங்குலம்.

நான்கு, ஆறு ஓட்டை வீல்களில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் விடை கிடைக்கும். ஐந்து ஓட்டையில் எதிரே ஓட்டை இருக்காது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத் தொலைவை அளந்து 1.7013 ஆல் பெருக்க வேண்டும். 67.2 மி.மீ. வந்தால் 114.3. 65.8 வந்தால் 112, ஜெட்டா போன்ற ஃபோக்ஸ்வாகன் கார்களின் அளவு. இரண்டுக்கும் இடையே ஒன்றரை மி.மீ. கூட இல்லை, தையல் டேப்பில் இது பிடிபடாது, வெர்னியர் வேண்டும். 4 × 98 வீலை 4 × 100 காரில் மாட்டும்போதும் இதே ஏமாற்றுதான். நட்டு மரையில் ஏறிவிடும், இறுகவும் செய்யும். ஆனால் ஸ்டட் சாய்ந்து இழுபட்டுக்கொண்டே இருக்கும். சாய்வாக இழுபடும் ஸ்டட் ஒருநாள் முறியும். பி.சி.டி.யில் ‘கிட்டத்தட்ட’ என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது.

அடுத்தது நடு ஓட்டை. ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தின் மேல் அது உட்கார்ந்து வீலை மையப்படுத்துகிறது. ஸ்விஃப்ட், ஐ20, எடியோஸ் மூன்றிலும் இந்த அளவு 54.1 மி.மீ.; சிட்டியில் 56.1. சிட்டி வீல் ஸ்விஃப்ட்டில் ஏறும், ஆனால் 2 மி.மீ. தளர்ச்சியோடு. ஸ்விஃப்ட் வீல் சிட்டியில் ஏறவே ஏறாது. தளர்ச்சி இருந்தால் அளவான ஹப் வளையத்தைப் பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ வாங்கிப் போட வேண்டும். வெளிச்சந்தை அலாய்களில் பல கார்களுக்கும் ஆகட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாகவே விட்டு, வளையத்தைத் தனியே தருவார்கள். பழைய வீலாக வாங்கும்போது பெரும்பாலும் அந்த வளையம்தான் காணாமல் போயிருக்கும். ஓட்டை சிறிதாக இருந்தால் லேத்தில் கடைந்து பெரிதாக்குவது வழக்கம். மையம் இம்மியளவு தவறினாலும் வீல் உதறும் என்பதால், கை தேர்ந்த லேத்காரரிடம் மட்டுமே இதைக் கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் குறைவாகக் கவனிக்கப்படுவதும் அதிக ஆபத்தானதும் நட்டு உட்காரும் இடம். காரின் எடையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குவது ஸ்டட் மட்டுமல்ல. வீலை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கும் நட்டின் இறுக்கம்தான் பெரும்பங்கைத் தாங்குகிறது. நட்டின் அடியும் ஓட்டையின் வாயும் ஒரே வடிவில் இருந்தால்தான் அந்த இறுக்கம் நிற்கும். மாருதி, ஹூண்டாய் நட்டுகள் 60 பாகை கூம்பு. ஹோண்டாவின் தொழிற்சாலை வீல்களுக்கு உருண்டை அடி. டொயோட்டாவின் சில தொழிற்சாலை அலாய்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை அடி. உருண்டைக் குழியில் கூம்பு நட்டை முடுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே தொடும். ஸ்பேனருக்கு இறுகியதுபோல் இருந்தாலும் ஓட ஓடத் தளரும்.

மரையும் வேறுபடும். ஸ்விஃப்ட்டுக்கும் ஐ20க்கும் ஓட்டை வட்டம், நடு ஓட்டை இரண்டுமே ஒன்று. ஆனால் மாருதியின் மரை 12 மி.மீ. விட்டத்தில் 1.25 இடைவெளி, ஹூண்டாயில் 1.5. ஐ20 வீலை ஸ்விஃப்ட்டில் மாட்டுபவர் அதோடு வந்த நட்டுகளைப் பையில் போட்டுவிட்டு ஸ்விஃப்ட்டின் நட்டுகளையே முடுக்க வேண்டும். மாற்றி முடுக்கினால் இரண்டு சுற்றில் சிக்கிக்கொள்ளும். வீல் ரெஞ்சில் ஏறி மிதித்தால் ஸ்டட்டின் மரை போய்விடும்.

வீல் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு நிற்கும் என்பதைச் சொல்வது ஆஃப்செட். வீலின் அகலத்தில் நடுக்கோடு ஒன்று கற்பித்தால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்புறமாகத் தள்ளி நிற்கிறதோ அதுவே ஆஃப்செட். ஆரக்காலின் பின்புறத்தில் ‘இ.டி.’ என்ற ஆங்கில எழுத்துகளோடு பொறித்திருக்கும். அழிந்திருந்தால் வீலைக் குப்புறக் கிடத்தி, பின்விளிம்பின் குறுக்கே நேரான கட்டை ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒட்டும் முகம் வரை ஆழம் அளக்கலாம். 6 அங்குல வீலுக்கு விளிம்புகளோடு மொத்த அகலம் சுமார் 178 மி.மீ., பாதி 89. ஆழம் 134 இருந்தால் ஆஃப்செட் 45.

காரில் இருப்பது ஐந்தரை அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொண்டால், 6 அங்குலமும் 38 ஆஃப்செட்டும் உள்ள வீல் உள்பக்கத்தில் ஏறக்குறைய அதே இடத்திலும் வெளிப்பக்கத்தில் 13 மி.மீ. தள்ளியும் நிற்கும். பல கார்களில் இது தாங்கும். அதே 38 ஆஃப்செட்டில் 7 அங்குல வீல் என்றால் உள்ளே 12, வெளியே 26 மி.மீ. உள்ளே ஷாக் அப்சார்பரை உரசும். வெளியே, நான்கு பேர் ஏறிச் செட்டிக்குளத்துச் சின்ன வெங்காய மூட்டை இரண்டை டிக்கியில் போட்டதும் ஃபெண்டர் விளிம்பு டயரை அறுக்கும். வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

பிரேக் கேலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது, மாட்டிச் சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விட்டம் ஒன்றாக இருந்தும் ஆரக்காலின் வளைவு இடிக்கும் வீல்கள் உண்டு.

டயரோடு சேர்ந்த மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். 185/65 ஆர்15 டயரின் உயரம் 621.5 மி.மீ.; 195/55 ஆர்16 போட்டால் 620.9, கவலையில்லை. டயரின் சுமைக் குறியீடும் குறையக்கூடாது: 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 82 என்றால் 475. வீலுக்கும் தனிச் சுமை வரம்பு உண்டு. சிறிய காரின் வீல், ஓட்டை ஒத்தாலும், ஏழு பேர் ஏறும் வண்டிக்கு ஆகாது.

உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே மாடலின் உயர்ரகத்தில் வரும் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியுள்ள டயர் அட்டையிலும் கையேட்டிலும் அந்த அளவுகள் இருக்கும்.

நான்கையும் வாங்குமுன் ஒரு வீலை முன்பக்கம் மாட்டி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். நட்டுகளைக் குறுக்கு வரிசையில் முடுக்கி, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிக்க வேண்டும். பாடாலூரிலிருந்து திருச்சிக்கு ஒருமுறை போய்த் திரும்பியதும் இதைச் செய்துவிடலாம். புதிய அலாய்க்குத் தனி நட்டு தேவைப்பட்டிருந்தால், ஸ்டெப்னியில் இருக்கும் பழைய இரும்பு வீலுக்குரிய நட்டு ஒரு செட்டும் டிக்கியில் கிடக்க வேண்டும்.