எண்ணூறு ஆண்டு பழைய புகை

2015ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலப் பள்ளிகளுக்குத் திடீர் விடுமுறை விட்டார்கள். வெள்ளமும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. மூச்சுவிடும் காற்றே கெட்டுப் போயிருந்தது. ரந்தாவிலிருந்து பகாவ் வரை ரப்பர் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் புகைமூட்டத்துக்குள் கிடந்தன. அந்தப் புகையை அங்கே யாரும் மூட்டவில்லை. அது கடல் தாண்டி வந்தது. அதைவிட வியப்பு, அது காலம் தாண்டியும் வந்தது.

கடல் தாண்டியதைப் புரிந்துகொள்ளப் போர்ட்டிக்சன் பக்கம் போனால் போதும். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கும் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் இடையே 40 கிலோமீட்டர் கூட இல்லை. மார்ச் மாதத்தில் தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் இந்த இடத்தில்தான் நீரிணையைக் கடந்து வடக்கே திரும்புகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் இதே வழிதான். சுமத்ராவில் தீப்பிடித்தால் புகை சில மணி நேரத்தில் இக்கரைக்கு வந்துவிடும்.

இனி, காலம் தாண்டிய கதை. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரையோரத் தாழ்நிலங்களில் பரந்து கிடப்பது கரிமண் நிலம். மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்பார்கள். சதுப்புக் காட்டில் விழுந்த இலையும் கிளையும் அடிமரமும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாததால் அவை முழுதாக மட்குவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் படிந்து, சில இடங்களில் 10 மீட்டர் ஆழத்துக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. தண்ணீர் நிற்கும்வரை இந்த நிலம் தீப்பிடிக்காது. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்குமாகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் ஆபத்து தொடங்கியது. 1996இல் இந்தோனேசிய அரசு மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரிடக் கால்வாய்கள் வெட்டியது. நெல் விளையவில்லை. காய்ந்த கரிமண் மட்டும் மிஞ்சியது. மறு ஆண்டே எல் நினோ வறட்சி வந்தது, நிலம் எரிந்தது.

2015இலும் எல் நினோதான். 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. இந்தோனேசியாவுக்கு 1,600 கோடி டாலர் இழப்பு என்று உலக வங்கி கணக்கிட்டது. அந்தப் புகையின் துகள்களைச் சிங்கப்பூரில் வடிகட்டிச் சேகரித்த ஆய்வாளர்கள் அவற்றிலிருந்த கார்பனின் வயதை அளந்தார்கள். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற அணுவையும் சேர்த்தே உட்கொள்ளும். மரம் விழுந்த பின் அந்த அணு மெல்ல மெல்லக் குறையும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். 2018இல் வெளியான முடிவின்படி, புகையில் இருந்த கார்பனின் சராசரி வயது சுமார் 800 ஆண்டுகள். சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தில் ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர்கள் 1088இல் கல்வெட்டு நாட்டினார்கள். அதை அடுத்த நூற்றாண்டுகளில் வளர்ந்து விழுந்த மரங்களின் கார்பன், தோட்டத்துப் பிள்ளைகளின் நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

கரிமண் எரியும் விதமே வேறு. கொசு விரட்டப் புகைய விடும் தேங்காய் மட்டையைப் போலத்தான் அது எரியும்: சுடர் இல்லை, கனல் உண்டு, புகை ஏராளம். சுடர்விட்டு எரியும்போது கார்பனில் பெரும்பகுதி கரியமில வாயுவாகிவிடும். கனலும்போது ஆக்சிஜன் போதாது. அரைகுறையாக எரிந்த பொருள்கள் கார்பன் மோனாக்சைடாகவும் நுண்துகளாகவும் வெளியேறும். தீ மண்ணுக்கடியில் நகர்ந்து வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேலே தண்ணீர் பாய்ச்சினால் அணையாது. பலத்த மழை பெய்து நிலத்தடி நீர் மட்டம் ஏறினால்தான் அடங்கும்.

இந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீல ஒளியை அவை அதிகமாகச் சிதறடிக்கும், சிவப்பைக் குறைவாக. அதனால்தான் புகைமூட்ட நாளில் சூரியன் செக்கச்செவேலென்று தெரிகிறது. அழகாகத் தெரிந்தாலும் அது காற்றிலுள்ள துகளின் அடையாளம். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களை மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் தடுப்பதில்லை. அவை நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். அங்கே காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் கனம் ஒரு மைக்ரான்கூட இல்லை. மிக நுண்ணியவை அதையும் கடந்து ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் கூடுகின்றன. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களின் 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது.

மலேசியாவில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 300ஐத் தாண்டினால் அபாயகரமானது. 2013 ஜூன் 23ஆம் தேதி நெகிரி செம்பிலானின் அண்டை மாநிலமான ஜொகூரின் மூவாரில் அது 746ஐத் தொட்டது, அவசரநிலை அறிவித்தார்கள். இப்படிப்பட்ட நாள்களில் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்பதுதான் அறிவுரை. பால்மரம் வெட்டுகிறவரால் அது முடியுமா? விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடிப் பால் நன்றாக இறங்கும். அதே அமைதியான, குளிர்ந்த காற்றில்தான் புகையும் மேலெழாமல் தரையை ஒட்டித் தேங்கும். செம்பனையில் நீளக் கழி அரிவாளால் குலை வெட்டுகிறவர், சும்மா உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறார். அத்தனை மடங்கு துகளும் உள்ளே போகிறது. முன்பு அந்த இடத்தில் நம் தாத்தா பாட்டி நின்றார்கள். இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். நுரையீரலுக்கு நாடு கிடையாது.

தீ வைக்காமல் தோட்டம் போட முடியாது என்பது பொய். இந்த நாட்டுத் தோட்டங்களே அதை நிரூபித்திருக்கின்றன. முன்பெல்லாம் மறுநடவுக்கு முதுமரங்களைச் சாய்த்துக் கொளுத்துவார்கள். கோல்டன் ஹோப் நிறுவனம் 1989 முதல் அதைக் கைவிட்டது. செம்பனையை இயந்திரத்தால் சாய்த்து, அடிமரத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி, வரிசைகளுக்கு இடையே பரப்பி, மேலே கொடிப்பயறு படர விட்டார்கள். சீவல் மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் உலரும், காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகாது. மரத்தின் சத்து மண்ணுக்கே திரும்பும். இதற்காக 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது.

கரிமண்ணுக்கு இதுமட்டும் போதாது, தண்ணீரும் திரும்ப வேண்டும். 2016இல் இந்தோனேசியா கரிமண் மீட்பு அமைப்பை நிறுவிக் கால்வாய்களை அடைக்கத் தொடங்கியது. 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தான ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தத்தை அந்நாடு 2014இல்தான் ஏற்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்துக்கு நாமும் மூச்சால் விலை கொடுத்தோம். அடுத்த எல் நினோ வருவது உறுதி. அதற்கு முன் அக்கரைக் கால்வாய்கள் அடைபட வேண்டும். இக்கரையில், குறியீடு ஆரோக்கியமற்ற அளவைத் தாண்டும் நாளில் தோட்டத் தொழிலாளிக்குத் துகளைத் தடுக்கும் முகக்கவசம் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலே ஏறினால் கூலி பிடிக்காமல் ஓய்வு தர வேண்டும். மழைக்காகக் காத்திருப்பது மட்டும் ஒரு திட்டமாகாது.