ஆள் எடுக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்!

“நல்ல ஆளே கிடைக்கிறதில்லை!” என்று அலுத்துக்கொள்ளாத வீடு உண்டா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிலிருந்து கடைப் பையன் வரை, எல்லோரைப் பற்றியும் இதே பாட்டுத்தான். நானும் பாடியவள்தான்.

திண்டுக்கல் நாகல் நகரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பூட்டுப் பட்டறை. என் வீட்டுக்காரரோடு மூன்று பேர் வேலை. கணக்கும் கூலிப் பட்டுவாடாவும் என் பொறுப்பு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் பூட்டுச் செய்ய ஆள் வேண்டாமா? அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டு விலை குறைவு. அரத்தால் ராவி ராவி, லீவரைச் சாவிக்குப் பொருத்தும் கைவேலைக்கு இளவட்டங்கள் வருவதில்லை.

அதனால் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பையன் வந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டோம். தெரிந்தவர் சிபாரிசு, கையில் ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட், பேச்சிலே தேன்! ஒரே வாரத்தில் ஒரு ஆர்டரைத் தனியாக அவனிடம் விட்டோம். கடைக்குப் போன 50 பூட்டில் 18 திரும்பி வந்தது. சாவி சுற்றுகிறது, பூட்டு திறக்கவில்லை. லீவரை அளவுக்கு மேல் ராவிவிட்டான். ராவினதைத் திரும்ப ஒட்டவா முடியும்? தப்பு நடந்ததுகூடப் பெரிசில்லை. அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அடுத்து வந்தவன் பத்தாவது தாண்டாதவன். முதல் நாளே ஒன்றைக் கெடுத்துவிட்டு, “அக்கா, அதிகமா ராவிட்டேன், சரிவராது. வேற தகடு குடுங்க” என்று நேரே என்னிடம் வந்து நின்றான். “இவனை விட்டுடாதீங்க” என்று அன்றே இவரிடம் சொன்னேன். பூட்டுச் செய்யத் தெரிந்தவனுக்குத் திறக்கவும் தெரியும், பாருங்கள்! தொழிலைக் கற்றுக்கொடுத்துவிடலாம், இந்தக் குணத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

இப்போது யார் வந்தாலும் கூலி கொடுத்து மூன்று நாள் வேலை. அரத்தைத் துடைத்து எடுத்த இடத்தில் வைக்கிறாரா, புரியாததைக் கேட்கிறாரா, பக்கத்து ஆள் திணறினால் எழுந்து போகிறாரா என்று பார்க்கிறோம். பதினாலு வயசு ஆகாத பிள்ளை என்றால், பெற்றவளே கூட்டி வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். 2016 சட்டத் திருத்தப்படி அது குற்றம். வள்ளுவர் ஆளை ஆராய்ந்து நம்புவதற்குத் ‘தெரிந்து தெளிதல்’, வேலையில் அமர்த்துவதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என்று இரண்டு அதிகாரமே வைத்திருக்கிறார். நாங்கள்தான் ஒரே வாரத்தில் முடித்துக்கொண்டோம்!

ஆனால் சகோதரிகளே, குறை வருகிறவர் மேல் மட்டுமா? பதினாறு வருஷம் எங்களோடு இருந்த பெரியவர் ஒருவர். மணிப்பூட்டு என்றால் அவர்தான். ஒரு தீபாவளிக்கு முன் கூலியைக் கூட்டிக் கேட்டார். “பார்க்கலாம்” என்றோம். பொங்கலுக்குக் கேட்டார். மறுபடியும் “பார்க்கலாம்.” அப்புறம் அவர் கேட்கவில்லை, ஒரு நூல் மில்லுக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். எவரோ செய்த பூட்டை ராத்திரியில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கணக்கு நோட்டு என்னிடம்தானே இருந்தது? கொடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று முதல் முறையாக ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இவர் தயங்கினார். “மூணு நாள் பார்ப்போமே” என்றேன். இன்று காலை உள்ளே நுழைந்ததும் அவள் கேட்டாள்: “அக்கா, நேத்து நான் ராவினது சரியா இருந்துச்சா?”