வெள்ளியைச் சுண்டிக் கேட்ட காலம்

பினாங்கின் பெருநிலப் பக்கத்திலுள்ள பாகான் டாலாமில் எந்தத் தமிழ்க் கடையில் விலை கேட்டாலும் பதில் வெள்ளிக் கணக்கில்தான் வரும். "எவ்வளவுண்ணே?" "ரெண்டு வெள்ளிம்மா." ரிங்கிட் என்பது பணத்தாளிலும் அரசாங்கக் கடிதத்திலும் இருக்கிற பெயர். பழைய ஸ்பானிய நாணயத்தின் விளிம்பில் இருந்த பற்களைப் பார்த்து மலாய்க்காரர்கள் ரிங்கிட் என்றார்கள். நாம் உலோகத்தைப் பார்த்து வெள்ளி என்றோம். இன்னும் ஒன்றும் இருந்தது, சத்தம். அதைப் பிடித்துக்கொண்டது ஆங்கிலம்.

'ரிங்' என்கிற ஆங்கில வினைக்கு முதல் பொருள் மணி ஒலிப்பது. தொலைபேசி வந்ததும் அதற்கும் அதுவே ஆயிற்று. நாமும் 'ரிங் பண்ணு' என்கிறோம். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று மனத்தில் தட்டுப்பட்டால், அதையும் மணி அடிப்பதாகத்தான் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஆனால் ஒருவர் பேச்சு மெய்யாக ஒலிக்கிறது, பொய்யாக ஒலிக்கிறது என்று அதே வினையால் சொல்கிறார்களே, அந்த ஒலி மணிக்கூண்டிலிருந்து வந்ததல்ல. கல்லாப் பலகையிலிருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பினாங்கில் புழங்கியவை ஸ்பானிய டாலரும் மெக்சிகோ டாலரும். 1895-இல் பிரிட்டிஷ் வணிக டாலர் வந்தது. 1903-இல் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே தனி டாலர் அடித்தார்கள்: எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. இத்தனை வெள்ளி இருக்கிற இடத்தில் கள்ளக்கை சும்மா இருக்குமா? நாணயத்தைக் குடைந்து வெள்ளியை எடுத்துவிட்டு, உள்ளே ஈயத்தை நிரப்பி, மேலே பூசி மூடிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு நாணயத்தால் தட்டினால் தெரிந்துவிடும். நல்ல வெள்ளி கணீரென்று ஒலித்து, அந்த ஒலி சற்று நேரம் நிற்கும். ஈயம் கலந்தது 'டொக்' என்று அதோடு அடங்கிவிடும். இதற்கென்றே வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் ஆள் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அவர் ஷ்ராஃப், தமிழில் சராப்பு. இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள்.

பிறகு வெள்ளியின் விலை ஏறியது. நாணயத்தின் மதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் விலை கூடிவிடும் நிலை வந்ததால், 1907-இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். மெல்ல மெல்லத் தாள் அந்த இடத்தைப் பிடித்தது.

நம் ஊர்க்காரர்களும் நாணயத்தைச் சுண்டித்தான் வாங்கினார்கள். இருந்தும் மனிதரை எடைபோட அந்தச் சத்தத்தை நாம் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு உவமை பொன்னிலிருந்து வந்தது. 'உரசிப் பார்த்தால்தான் தெரியும்', 'மாற்றுக் குறையாத மனுஷன்' என்கிறோம். வள்ளுவரும் ஒருவருடைய செயலைத்தான் கட்டளைக்கல் ஆக்கினார். ஆகாதவனைச் செல்லாக்காசு என்கிறோம். அங்கேயும் பேச்சு ஒலியைப் பற்றியதல்ல, சந்தையில் ஏற்பார்களா மாட்டார்களா என்பதே. என்னைக் கேட்டால் நம் முறைதான் கறாரானது. குரல் கணீரென்று இருப்பவரெல்லாம் நல்லவர் என்று நம்பினால், தேர்தல் மேடைக்கு மேடை ஏமாற வேண்டியதுதான்.

கள்ளநாணயச் சிக்கல் வெள்ளிக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1989-இல் வெளிவந்த ஒரு ரிங்கிட் நாணயம் நினைவிருக்கிறதா? பொன்னிறம், ஒரு பக்கம் கிரிஸ் கத்தி. அதற்கும் போலி வந்தது. காசு போட்டால் பொருள் தரும் இயந்திரத்துக்குக் காது கிடையாது; அளவு, எடை, உலோகத்தின் மின் தன்மை இவற்றை வைத்தே அது முடிவு செய்யும். போலிகள் பெருகவும், 2005 டிசம்பர் 7 முதல் அந்த நாணயம் செல்லாது என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்துவிட்டது.

பாகான் டாலாம்காரர்கள் தீவுக்குப் போய்வந்த பழைய ஃபெரியில் ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு கட்டணமாக இருந்தது. அப்போது திரும்பி வர இலவசம். ஒரு வெள்ளி நாணயம் போன பிறகு, அதைச் சின்னச் சில்லறையாக எண்ணிப் போட வேண்டியிருந்தது. ஐம்பது காசு, இருபது காசு, பத்துக் காசு. அவற்றில் கள்ளக்காசு அடிப்பதற்கு எவனுக்கும் கட்டுப்படியாகாது.