பானட்டைத் தொட்டுப் பார்த்து விலை பேசுங்கள்!

மக்காச்சோளம் விற்ற பணத்தில் பழைய டீசல் கார் வாங்கப் போகும் பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளிடம் தரகர் எடுத்த எடுப்பில் சொல்வது, "இனி டீசல் வண்டி கிடைக்காதுங்க." பாதி உண்மை. மாருதி 2020-இல் டீசல் காரை நிறுத்திவிட்டது, மஹிந்திரா நிறுத்தவில்லை. அந்தப் பேச்சுக்காக ஒரு ரூபாயும் கூட்டித் தர வேண்டாம்.

விலை ரொம்பக் குறைவென்றால், முதல் பதிவு எங்கே என்று பாருங்கள். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் இருந்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே மலிவானதற்கு அதுவும் காரணம். இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று, வாழ்நாள் வரி, மறுபதிவு என்று செலவு நீளும். அது யார் தலையில் என்பதை அட்வான்ஸுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். பானட் சூடாக இருந்தால், முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். தேய்ந்த டீசல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் முரண்டு பிடிக்கும், சூடேறினால் சாதுவாகிவிடும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா? பெரிய செலவு காத்திருக்கிறது. சிமென்ட் லாரிகளோடு அரியலூர் சாலையில் ஓடிய வண்டியில் ஏர் ஃபில்டரையும் சஸ்பென்ஷனையும் விடாதீர்கள்.

உங்கள் மெக்கானிக் சொல்லும் செலவைத் தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். 3,50,000 கேட்கும் வண்டிக்கு டயர், கிளட்ச் என 45,000 ஆகும் என்றால், பேச்சு 3,05,000-க்குக் கீழே தொடங்கட்டும். கையிருப்பு எவ்வளவு என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால், படிவம் 35-உம் வங்கியின் சான்றும் கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.