உஷார்! பில்லுக்குப் பதில் போடாவிட்டால் வாதமும் போகும், பணமும் போகும்

சிங்கப்பூரில் துணைக் குத்தகை எடுத்துக் கட்டட வேலை செய்பவரா நீங்கள்? குத்தகை கொடுத்து வேலை வாங்குபவரா? இரு தரப்புக்கும்தான் இந்த எச்சரிக்கை.

கட்டுமானத் துறைப் பணப்பட்டுவாடாப் பாதுகாப்புச் சட்டம் 2005 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 'மேலே இருந்து பணம் வந்தால்தான் தருவேன்' என்ற ஒப்பந்த வரி இதன் முன் செல்லாது. நிலுவைத் தகராறு ஆண்டுக்கணக்கில் இழுபடாமல், 'அட்ஜுடிகேஷன்' என்ற விரைவுத் தீர்வு முறையின் நடுவர் வாரக்கணக்கில் முடிவு சொல்லிவிடுவார். நல்ல சட்டம். ஆனால் நாள் தவறியவருக்கு இரக்கம் காட்டாத சட்டம்!

கிளெய்ம், அதாவது பணம் கேட்டு எழுத்தில் கோரிக்கை, வந்ததா? உடனே எழுதுங்கள்! 'தப்பான பில், இதற்கெல்லாம் பதிலா?' என்று மேசையில் போட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தக் கெடு 21 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் 14 நாள். வேலையில் குறை, தாமதம், கழிவு என எதுவானாலும் அந்தப் பதிலில் இல்லாததை நடுவர் பொதுவாகக் காதில் வாங்கவே மாட்டார்.

ஆடி கன்ஸ்ட்ரக்‌ஷன், கியன் ஹியாப் வழக்கைப் பாருங்கள். மாதம் 20-ஆம் தேதி கிளெய்ம் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். 2016 நவம்பர் 20 ஞாயிறு என்பதால், அந்தத் தேதியிட்ட கிளெய்மை ஆடி நிறுவனம் 18-ஆம் தேதியே கொடுத்தது. எதிர்த்தரப்பு பதிலே தரவில்லை. பிறகு 'தேதி தவறு' என்று நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றத்தில் வென்றது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ கிளெய்ம் செல்லும் என்றது. அதோடு, இப்படிப்பட்ட ஆட்சேபத்தைப் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வாய்மூடி இருந்துவிட்டுப் பிறகு கிளப்ப முடியாது என்றும் தீர்த்துச் சொன்னது.

பணம் வர வேண்டியவரா? உங்களுக்குக் கெடு இன்னும் குறுகியது! பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, பதிலுக்கான கெடு முடிந்தபின் 7 நாள் பேசித் தீர்க்க. அதற்கடுத்த 7 நாளுக்குள் சிங்கப்பூர் சமரச மையத்தில் அட்ஜுடிகேஷன் மனு போட்டாக வேண்டும். 'அடுத்த வாரம் தருகிறேன், அண்ணே' என்ற வாய்ப்பேச்சை நம்பி அந்த நாளைத் தவறவிட்டால், அந்த கிளெய்மை வைத்து மனுப் போட முடியாது.

நடுவரின் முடிவு பிடிக்கவில்லையா? தொகை சரியா என்று நீதிமன்றம் மறுபடி கணக்குப் பார்க்காது. நடுவருக்கு அதிகாரம் இருந்ததா, இரு தரப்பையும் நியாயமாகக் கேட்டாரா என்பது போன்றவற்றைத்தான் பார்க்கும். அதற்கே, கட்டாமல் வைத்திருக்கும் தொகையை நீதிமன்றத்தில் பிணையாகக் கட்ட வேண்டும். முழு வழக்காடல் பிறகுதான்.

ஆகவே, இன்றே செய்யுங்கள்: ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தைக்கு இந்தச் சட்டம் துணை வராது. கிளெய்மில் வேலை, அளவு, விலை, கணக்கு எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுங்கள். கொடுத்த நாளுக்கும் பெற்ற நாளுக்கும் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். கெடுத் தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். சந்தேகம் வந்தால் கெடு முடியும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். முடிந்தபின் போனால் அவராலும் அந்த நாளைத் திருப்பித் தர முடியாது!