ஆசிரியரின் மின்குறிப்பேடும் தமிழ்ப் பாடவேளையும்

கால அட்டவணையைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆசிரியரிடையே குறைந்து வருகிறது. கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் பிளானர் என்னும் மின்குறிப்பேடு அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. இஃது ஆசிரியர்தம் சொந்தக் காரியம் அன்றோ, பெற்றோராகிய நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தமிழகத்துக்கு வெளியே, வாரத்திற்கு ஒரு பாடவேளையே தமிழுக்குக் கிடைக்கும் பள்ளியில் நம் குழந்தைகள் பயில்வார்களாயின், அந்த அட்டவணை அமையும் விதமே அவர்கள் கற்கும் தமிழின் அளவை முடிவு செய்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் தமிழ் என்று கொள்வோம். 2026ஆம் ஆண்டு நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 3 புனித வெள்ளி. அக்டோபர் 2 காந்தியடிகள் பிறந்தநாள். டிசம்பர் 25 கிறிஸ்துமஸ். மூன்றும் வெள்ளிக்கிழமைகளே. தேர்வுகளும் ஆண்டுவிழா ஒத்திகைகளும் கொண்டுபோவது தனி. கணக்குப் பாடத்துக்கு வாரம் ஆறு வேளை இருந்தால், ஒன்று போனாலும் ஐந்து எஞ்சும். தமிழுக்கு உள்ள ஒன்று போனால் அந்த வாரம் தமிழே இல்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயின்ற அன்பர்கள் ‘டே ஆர்டர்’ என்ற சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். அங்கே அட்டவணை கிழமையைப் பார்த்து நடப்பதில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என ஆறு நாள் வரிசையாக ஓடும். இடையே விடுமுறை வந்தால் வரிசை அங்கேயே நிற்கும். மறு வேலைநாளில் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம்மவர் நெடுங்காலமாக அறிந்த இம்முறையைத்தான் ‘பிளான்புக்’ போன்ற மின்குறிப்பேடுகள் சுழற்சி முறை என்று, வாரமுறைக்கு மாற்றாக வைத்திருக்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 220 வேலைநாட்கள் வேண்டும் என்கிறது. ஐந்து நாட் சுழற்சியில் ஒரு வேளை என்றால், தமிழுக்கு 44 வேளை உறுதி.

ஆனால் சுழற்சி முறையை ஓர் ஆசிரியர் தனித்து மேற்கொள்ள இயலாது. பள்ளி முழுவதும் இசைய வேண்டும். அவர் தனித்துச் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. குறிப்பேட்டை அமைக்கும்போது பாடங்களை முதலில் எழுதப் புகாமல், கல்வியாண்டின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் குறிக்க வேண்டும். இக்குறிப்பேடுகளுட் பல அமெரிக்க நாட்டில் உருவானவை. அங்கே பள்ளி ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும்; தில்லியிலோ ஏப்ரலில் தொடங்கி, இடையே கோடை விடுமுறையும் வந்துவிடுகிறது. அடுத்து விடுமுறைகள் அனைத்தையும் நிரப்ப வேண்டும். மணி நேரங்களும் வகுப்புகளும் அதன் பின்னரே. இவ்வாறு செய்தால் ஆண்டு முழுவதற்கும் எத்தனை தமிழ் வேளை எஞ்சுகிறது என்பதை ஏப்ரலிலேயே எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையோடு தலைமையாசிரியரிடம் சென்று, வெள்ளியைப் புதனாக மாற்றித் தருமாறு கேட்பது எளிது. டிசம்பரில் கேட்டுப் பயனில்லை.

பாடம் தயாரிக்கும் நேரத்தையும் ஆசிரியர் அதில் குறித்துக்கொள்வாராக. மேற்சொன்ன சட்டம் கூறும் வாரம் 45 மணி நேரப் பணியில் அதுவும் அடக்கம்.

சங்கங்களின் ஞாயிறு வகுப்புகளுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டா. கூகுள் காலண்டரே போதும். வாரந்தோறும் வருமாறு ஒருமுறை பதிந்து, முடிவுத் தேதியும் இட்டுவிடலாம். திருமணத்துக்காக ஒரு ஞாயிறு வகுப்பை மாற்றும்போது, இந்த ஒன்றை மட்டுமா, இனி வருவனவற்றையுமா, எல்லாவற்றையுமா என்று அது வினவும். ‘இது மட்டும்’ என்பதே தக்க விடை. பெற்றோர்க்குப் பகிரும்போது பார்க்கும் உரிமையை மட்டும் அளித்தல் நலம். திருத்தும் உரிமை இரண்டு ஆசிரியரிடம் இருந்தால், ஒருவர் ஊருக்குப் போனாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார்.