சீல் மாற்றியும் ஆயில் கசிவது ஏன்?

பழைய டர்போ காரில் ஆயில் கசிந்தால், முதலில் சீலைத்தான் குறை சொல்வோம். பல சமயம் கோளாறு வேறிடத்தில் இருக்கும்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். டர்போ கூடுதல் காற்றைத் திணிப்பதால் சிலிண்டரில் அழுத்தமும் அதிகம். இறங்கும் வாயுவும் அதிகம்.

இது வெளியேறுவது எப்படி? 1990களின் வோல்வோ 850 டர்போவில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. வாயுவோடு வரும் ஆயில் துளிகளைப் பிரித்து அது கீழே அனுப்பும். மிச்ச வாயுவை இன்ஜினே உறிஞ்சி எரித்துவிடும்.

ஆண்டுக்கணக்கான சூட்டில் ஆயில் பிசுக்காகப் படிந்து, பெட்டி, குழாய்கள், பிளாக்கிலுள்ள துளை எல்லாம் அடைபடும். வழியற்ற வாயு கேம் சீலையும் ரியர் மெயின் சீலையும் நெட்டித் தள்ளும். டர்போவின் ஆயில் வடிவதும் கிராங்க்கேஸுக்குள்தான். அங்கே அழுத்தம் ஏறினால், ஆயில் டர்போவிலேயே தேங்கி சீலைத் தாண்டும். சைலன்சரில் நீலப்புகை வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ரப்பர் கையுறையை மாட்டுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. விரல்கள் விறைத்து உப்பினால், பெரும்பாலும் அடைப்புதான்.

முதலில் பெட்டியையும் குழாய்களையும் மாற்றி, துளையைச் சுத்தம் செய்யுங்கள், பிறகே சீல். வரிசை மாறினால் புதுச் சீலும் கசியும். அடைப்பு நீங்கியும் கையுறை உப்பினால், ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள்.